டிராகனுக்கு ஒரு தூண்

பல்செட் செய்து பிழைக்கும் மனிதருக்குக் கம்பளப் பைத்தியம் பிடித்தால் வீடு என்ன கதியாகும் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் திபெத்துக் கம்பளம், பீரோவுக்கு மேல் சீனக் கம்பளம், திரும்பிய பக்கமெல்லாம் அந்துருண்டை வாசம். எல்லாம் கையால் முடிச்சுப் போட்ட பழைய சரக்கு. ஒன்றின் மேலும் யாரும் கால் வைக்கக் கூடாது. வெறும் தரையில் நடந்து நடந்து அந்த அம்மாளுக்குக் குதிகால் வலியே வந்துவிட்டது.

அவருடைய உயிர் இருந்ததோ ஒரே ஒரு சீனக் கம்பளத்தில். தூணைச் சுற்றிக் கட்டுவதற்கென்றே நெய்தது அது. தரையில் விரித்தால் டிராகனின் உடம்பு இரண்டு ஓரத்திலும் பாதியில் அறுந்து நிற்கும். தூணில் சுற்றினால்தான் ஓரமும் ஓரமும் சேர்ந்து முழுசாகும். விற்ற வியாபாரிக்கு இது தெரியாது. பாழாய்ப்போன துண்டு என்று தள்ளிவிட்டான். இவரும் வாயைத் திறக்கவில்லை.

டிராகனை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று, கண்ணில் பட்ட உருண்டைத் தூணையெல்லாம் டேப் வைத்து அளந்தார். வங்கிக் காவலாளி விரட்டியே விட்டார். கடைசியில், மைத்துனர் திறக்கப்போகும் துணிக்கடையில் அச்சாக அதே சுற்றளவில் ஒரு தூண் அமைந்தது. "உங்க இஷ்டம் அத்தான்" என்று மைத்துனரும் சொல்லிவிட்டார்.

ஓரங்கள் மட்டும் நைந்திருந்தன. பழுது பார்ப்பவரிடம் விஷயத்தைச் சொன்னால் வியாபாரி காதுக்குப் போய், அவன் கம்பளத்தைத் திருப்பிக் கேட்பானே என்று பயம். "ஓரத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றதோடு வந்துவிட்டார்.

பழுது பார்ப்பவர் நல்ல மனிதர், அதுதான் வினை. எந்தப் படுபாவியோ பார்டரை வெட்டியிருக்கிறான் என்று இரக்கப்பட்டு, நைந்த ஓரங்களை நறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் புதிதாக நீல பார்டர் முடிந்து வைத்திருந்தார்.

"இப்பத்தான் சார் இது கம்பளம் மாதிரி இருக்கு" என்றார் பூரிப்போடு.

 யாரைத் திட்டுவது? சொல்லாமல் மறைத்தது இவர்தானே.

அப்படியும் ஆசை விடவில்லை. கடைக்குக் கொண்டுபோய், பார்டரை உள்ளே மடித்துத் தூணில் சுற்றிப் பார்த்தார். நறுக்கிய ஓரத்தோடு கழுத்தும் போயிருந்தது. தலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் போட்டார். மனைவி அதை விரித்து, நீவிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"இதுல நடக்கலாம்ல?"

அவர் கழற்ற மறந்த செருப்போடு அதன் மேல் ஏறி நின்றார். மெத்தென்று சுகமாக இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.