கப்பல் ஏறும் தேதி

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கடலோர ஊரான புன்னைக்காயலிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் என் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறார். வெளியூரில் போனை நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பையை இறுக்கிக்கொள்கிறேன்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ் தெரியும்லா? கப்பல் வேலைக்கு ஏஜெண்ட் மாசம் ஒரு மெசேஜ் அனுப்புதான். என் பாஸ்போர்ட் அவன்கிட்டதான் இருக்கு."

மூன்று செய்திகள். கப்பல் ஏறும் தேதி முதல் செய்தியில் 'புட் ஆஃப்', அடுத்ததில் 'போஸ்ட்போன்ட்', நேற்று வந்ததில் 'டெஃபர்ட்'.

"மூணுக்கும் ஒரே அர்த்தம்தாங்க. தேதியைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கார்."

இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

"புது வார்த்தை வந்தா வேலை நகருதுன்னுல்லா நெனச்சோம்! ஒவ்வொண்ணுக்கும் மாதா கோயில்ல பூசை வச்சோமே."

போனை வாங்கி, பக்கத்தில் நிற்கும் லாரி டிரைவரிடம் காட்டுகிறார். டிரைவரும் அதையேதான் சொல்கிறார். மனைவிக்குப் போன் போடுகிறார்.

"ஏளா, ஞாயித்துக்கிழமை பூசைக்கு எழுதிக் குடுத்த வேண்டுதலைச் சாமியார்கிட்ட சொல்லி மாத்து. பயணத்துக்கு வேண்டாம். பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்கணும்னு, தொலைஞ்சதை மீட்டுத் தார அந்தோணியாருக்கு வைக்கச் சொல்லு."