‘இயற்கை எய்தினார்’ என்று அடித்தது நான்தான்

மை காயாத போஸ்டரில் ஒரு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். தூத்துக்குடியில் நான் டிடிபி வேலைக்குச் சேர்ந்த பிரஸ் முழுக்க அந்த வாடைதான். டிபன்பாக்ஸைத் திறந்தால் சோற்றிலும் அடிக்கும்...

எங்கள் பெரிய கஸ்டமர் மாசிலாமணி அண்ணாச்சி. துறைமுகத்தில் லோடுமேன் சங்கத் தலைவர், அப்புறம் கவுன்சிலர், அப்புறம் கட்சியில் மாவட்டப் பொறுப்பு. அவர் வளர வளர நான் போஸ்டரில் பட்டம் சேர்த்துக்கொண்டே போனேன். கடைசியில் அவர் பெயருக்கே இடமில்லாமல் ஒரு போஸ்டர் போனது. அதையும் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பிறகு, திரேஸ்புரம் மீன்பிடிப் படகுகளுக்கு வந்த மானிய டீசல் வேறெங்கோ போய்விட்டதாக அவர்மேல் புகார். கட்சி அவரைக் கைகழுவியது.

"நான் மட்டுமாலே தின்னேன்? திங்கக்கிழம எல்லாவன் பேரையும் சொல்லுதேன்" என்று பிரஸ்ஸில் வைத்தே சொன்னார்.

ஞாயிறு காலையில் உப்பளத்து ஓடையில் பிணமாகக் கிடந்தார்.

கைகழுவிய அதே கட்சிக்காரர்கள் அரை மணி நேரத்தில் போஸ்டருக்கு வந்து நின்றார்கள். நான் பழைய இரங்கல் ஃபைலைத் திறந்து, பெயரையும் போட்டோவையும் மாற்றி, பிரிண்ட் கொடுத்துவிட்டேன். ‘இயற்கை எய்தினார்’ என்ற வரி அதில் ஏற்கெனவே இருந்தது. லாரி மோதிச் செத்தவருக்கும் நாங்கள் அதைத்தான் போட்டோம்.

மத்தியானம் அவர் மனைவி வந்தார். கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர்.

"ஏலே, போஸ்ட்மார்ட்டமே முடியல. அதுக்குள்ள இயற்கைன்னு ஒனக்கு யாருலே சொன்னா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போடுவோம்" என்றேன். இதைவிட மட்டமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"ஊரு பூரா ஒட்டியாச்சு. இனி நான் சந்தேகம்னா எவன் காதுல வாங்குவான்?"

எவனும் வாங்கவில்லை. "அதான் போஸ்டர்லயே போட்டிருக்கே" என்றுதான் டீக்கடையில் பேச்சு. கேஸை மூடிவிட்டார்கள். அண்ணாச்சி யோக்கியரில்லை, சரி. அதற்காக எப்படிச் செத்தார் என்றுகூடக் கேட்கக் கூடாதா? இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அப்போது ஊருக்குச் சேதி சொல்ல ஏணி, பசைவாளி, நாலு ஆள் வேண்டும். இப்போது எனக்கே சொந்தமாக ஃப்ளெக்ஸ் கடை... டிசைன் முடிந்ததும் வாட்ஸப்பில் பறந்துவிடுகிறது.

போன மாதம் அந்த அக்கா நினைவுநாள் போஸ்டருக்கு வந்திருந்தார். வருடாவருடம் நான் டைப் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ‘இறந்த நாள்’ போடலாமென்று ‘இ’ தட்டினேன். மிச்சத்தைக் கம்ப்யூட்டரே நீட்டியது, ‘இயற்கை எய்தினார்’ என்று.

அக்கா ஸ்கிரீனையே பார்த்தார்.

"இதுக்கும் எவனோ சொல்லிக் குடுத்திருக்கானே தம்பி."

 இத்தனை வருடமாக அதில் தட்டிக்கொண்டிருப்பது நான் ஒருத்தன்தான்.