தீயணைப்பு நிலையத்தில் தீ

என் அக்காவின் குரலைக் கேட்டவர்கள் இந்த ஊரில் ஏராளம். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. தீயணைப்பு நிலையத்தின் மாடியில், தொலைபேசியும் வயர்லெஸ்ஸும் வைத்திருக்கும் அறையில் அவளுக்கு வேலை. பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் பதறாமல் மூன்றே கேள்வி கேட்பாள். எந்த இடம்? என்ன எரியுது? உள்ள யாராவது இருக்காங்களா? பழக்கதோஷம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பசி வயித்தக் கிள்ளுது என்று மாமா சொன்னால், "எந்த இடம்? என்ன எரியுது?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

மாமா அவள் கணவர், எங்கள் குழுவின் தலைவர். நான் வண்டி ஓட்டுகிறவன். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்காதீர்கள். காலையில் வீட்டில் விட்ட சண்டை வயர்லெஸ்ஸில் தொடரும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

அன்று காலை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று சார்ஜ் போட்டபடியே பற்றிக்கொண்டது. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற பெண்ணுடைய வண்டி. தண்ணீரைக் கொட்டு கொட்டு என்று கொட்டித்தான் அணைத்தோம். புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக்கருவி சிலிண்டர்கள் மொத்தமும் அங்கேயே காலி. நிரப்பிவர ஆள் அனுப்பினோம். இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை வண்டியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள் என்று அந்தப் பெண் அழுதாள். மாமாவுக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது, உருகிவிடுவார். கரிக்கட்டையாகிப்போன அந்த வண்டியை நிலையத்துக்கே கொண்டுவந்து, மழை வருகிறது என்று உள்ளே, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினார்.

அக்கா படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொணத்தை எதுக்கு உள்ள கொண்டாந்தீங்க? பேட்டரியை வெளியில, தள்ளி வைக்கணும்னு வகுப்பு எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா?"

"அதெல்லாம் செத்துப் போச்சும்மா. தொட்டுப் பாரு, சில்லுனு இருக்கு." மாமா பேட்டரிமேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். எந்தத் தீயை அணைத்தாலும் கடைசியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். மரமோ துணியோ, அந்தக் கை பொய் சொன்னதே இல்லை. அணைந்த பிறகும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும் நெருப்பு ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது, நெருப்புல என்ன புதுசு பழசு என்று சிரித்தவர் அவர்.

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவவில்லை, மணி அடித்தது. ஒரு வீட்டில் புகை. கூப்பிட்டது மனிதர் இல்லை, கூரையில் பொருத்தியிருக்கும் கருவி. புகை தெரிந்தால் அதுவே எங்களுக்குப் போன் போட்டுவிடும், இப்போது புது வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஊரெல்லாம் அதை மாட்டுங்கள் மாட்டுங்கள் என்று சொல்கிற எங்கள் கட்டடத்தில் மட்டும் அது கிடையாது. தீயணைக்கிறவன் வீட்டில் யார் தீ வைப்பார்கள் என்ற மிதப்பு.

பாதி வழியில் வயர்லெஸ் கரகரத்தது. அக்கா ஒரு முகவரியைச் சொல்லி, "கீழ்த்தளத்துல தீ" என்றாள்.

"அது எந்தத் தெரு? அடையாளம் சொல்லு" என்றார் மாமா.

"நம்ம ஸ்டேஷன்."

எங்கள் நிலையத்தின் முகவரியை அதுவரை யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை. மாமா பேயறைந்தவர் மாதிரி ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"நான் இருக்கேன். படியெல்லாம் புகை, இறங்க முடியல. பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன், வண்டி கிளம்பிருச்சு. நீங்க போற இடத்துக்குப் போங்க."

நான் வண்டியைத் திருப்பப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேராப் போடா."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? உள்ள இருக்கிறது எங்கக்கா!"

"என் பொண்டாட்டிடா அவ! அந்த வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? ஓட்டு!"

ஓட்டினேன். வழியெல்லாம் அந்த மனிதரை வாய்விட்டுத் திட்டினேன். அவர் வயர்லெஸ்ஸை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை.

அந்த வீட்டுக்காரர் தலையில் துண்டோடு கதவைத் திறந்தார். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து வெந்நீரில் குளித்திருக்கிறார். ஆவி போய்க் கருவியில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

"அட, நீங்க எதுக்கு வந்தீங்க? தீயெல்லாம் இல்லைன்னு அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. ஒரு அம்மா பேசுனாங்க. பாவம், ஒரே இருமல் அவங்களுக்கு."

மாமா வாசற்படியிலிருந்தே வண்டிக்கு ஓடினார். அவளிடம் சேதி போயிருக்கிறது. எங்களிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போய்விட்டதென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். திரும்பி வந்த வழியில் நான் எந்த சிக்னலையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நிலையத்தின் வாசலில் கூட்டம். பக்கத்து நிலையத்துக்காரர்கள் எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாடி ஜன்னலில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. எதிர்ப்புறத்து டயர் கடைக்காரர் கொண்டுவந்து போட்டது. அவர் கடை பெஞ்சில் முகமெல்லாம் கரியாக, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். வயர்லெஸ் அவள் மடியில் கிடந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாமா ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அங்க ஒண்ணுமே இல்லம்மா. வெறும் ஆவி."

"தெரியும்." குரல் தகரத்தைச் சுரண்டியது போல வந்தது. "அந்த ஆளு போன் பண்ணுனாரு."

"வயர்லெஸ்தான் வேலை செய்யுதே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உடனே திரும்பியிருப்போமே!"

"திரும்பியிருப்பீங்க. சிலிண்டர் ஒண்ணும் இல்லாம அந்தப் படியில ஏறியிருப்பீங்க. இவன் உங்க பின்னாடியே வந்திருப்பான்." நெடுநேரம் இருமினாள். "நான் இருந்த அறையில ஜன்னலாவது இருந்துச்சு. நீங்க கூப்பிட்டது எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, வெறிதான் வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? செத்துக்கித்துப் போயிருந்தா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவள் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, எங்காவது தீப்பட்டிருக்கிறதா என்று எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.