மூண்டு தரம் இழுத்த கயிறு

1. முதல் நாள்

நான் ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். பிறகு நாலு வருசம் அண்ணனோட கடலட்டை பிடிக்கப் போனனான். இறக்கக்கண்டியில இருந்துதான் எங்கட போட் வெளிக்கிடும். அண்ணன் சுழியோடி. காத்து டேங்கை முதுகில கட்டிக்கொண்டு அடி வரைக்கும் போவார். நான் போட்டில இருந்து, அவரில கட்டின கயித்தைப் பிடிக்கிற ஆள். அண்ணன் செத்தாப் பிறகு எனக்குக் கடலுக்குப் போக ஏலாமப் போச்சு. அப்பதான் கேம் செய்யிற இடத்தில வேலை கிடைச்சுது. இதே வேலைக்கு வரப்போற தம்பி தங்கச்சியளுக்காக இதை எழுதுறன்.

துறைமுகத்துக்குப் போற றோட்டில ஒரு கடைக்கு மேல ஒரு அறை. அங்க ரெண்டு பேர்தான். படம் கீறுறது, கதை எழுதுறது எல்லாம் நிரோஷா அக்கா. அவதான் பொஸ். புரோகிராம் எழுதுறது கிண்ணியாவில இருந்து வாற பர்ஹான். அட்டை பிடிக்கிற ஆக்களைப் பற்றி, போனில விளையாடுற கேம் ஒண்டு செய்துகொண்டிருந்தவை. கடல் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு என்னை எடுத்தவை. என்ட வேலைக்குப் பேர் டெஸ்டர். விளையாடிப் பாத்து, பிழையைக் கொப்பியில எழுதோணும்.

முதல் நாள் அக்கா டெப்பை, பெரிய போன் மாதிரி ஒண்டு, கையில தந்தா. நான் சுழியோடியைக் கீழ இறக்கி அட்டை பொறுக்கினன். காத்து முடியப் போகுது எண்டு சிவப்பு லைற் வந்துது. திரையை விடாமத் தட்டினா ஆள் கெதியா மேல வரும். எவ்வளவு கெதியா வாறாரோ அவ்வளவு போனஸ். நான் தட்டினன். ஆள் அம்பு மாதிரி வந்து போட்டுக்க பாய்ஞ்சார். திரை முழுக்க நட்சத்திரம்.

நான் டெப்பை மேசையில வச்சிட்டுக் கீழ போய்ப் படியில கொஞ்ச நேரம் இருந்தனான். திரும்பி வந்து இது பிழை எண்டு சொன்னன். என்ன பிழை, தட்டினா வேலை செய்யேல்லையோ எண்டு பர்ஹான் கேட்டார்.

"வேலை செய்யுது. ஆனா இந்த ஆள் இப்ப செத்திருப்பார்" எண்டன்.

2. சும்மா நிக்கிறது

ஆழத்தில இருந்து ஒரேயடியா மேல வரக் கூடாது. வந்தா ரத்தத்துக்க காத்துக் குமிழி கட்டும். இது எனக்கு ஆஸ்பத்திரியில டொக்டர் சொல்லித்தான் வடிவா விளங்கினது. அண்ணனுக்கு முதலே தெரியும். மேல வாறதுக்கு முன்னம், மூண்டு ஆள் உயரம் இருக்கேக்க, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் வருவார்.

நான் இதைக் கேமில போடச் சொன்னன். பர்ஹானுக்குப் பிடிக்கேல்லை.

"ஒண்டும் செய்யாம ஒரு இடத்தில நிக்கிறதுக்கு ஆர் காணும் கேம் விளையாடுவான்? அதுக்கு பஸ் ஸ்டாண்டில போய் நிக்கலாமே" எண்டார்.

அக்கா சிரிச்சா. ஆனா போனஸை அண்டைக்கே எடுத்துப்போட்டா. நிக்கிறதை என்ன மாதிரி விளையாட்டாக்கிறது எண்டதுதான் ரெண்டு கிழமையாக் கதை. மீன் கூட்டம் போற மாதிரிக் கீறிப் பாத்தம், பாட்டுப் போட்டுப் பாத்தம். ஒண்டும் சரிவரேல்லை.

ஒரு நாள் பர்ஹான் கயித்தைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லிக் குடுத்தன். ஒரு இழுப்பு எண்டா, இருக்கிறியா எண்டு கேக்கிறது. மூண்டு இழுப்பு எண்டா, எல்லாத்தையும் விட்டிட்டு உடன மேல வா.

"மூண்டு இழுப்பு எப்பவாவது இழுத்தனீங்களா?" எண்டு சும்மாதான் கேட்டார்.

எனக்கு வாய் நிக்கேல்லை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அது அண்டைக்கு நாலாவது டேங்க். வடக்கால ஒரு முகில் கறுத்துக்கொண்டு வந்துது. காத்தும் மாறிச்சுது. நான் பயந்து மூண்டு தரம் இழுத்தனான். அண்ணன் நிக்காம நேர மேல வந்தார். போட்டில ஏறி, தேத்தண்ணி தாடா எண்டு கேட்டு வாங்கிக் குடிச்சார். பிறகுதான் கால் மரத்துப்போச்சு எண்டவர். ஆஸ்பத்திரி வாட்டில மூண்டு நாள் கிடந்து செத்துப்போனார். அந்த முகில் அப்பிடியே விலகிப் போட்டுது. ஒரு துளி மழை பெய்யேல்லை.

ஊரில சனம் என்ன சொல்லுது எண்டால், அட்டைக்கு ஆசைப்பட்டுக் கீழ நிண்டவராம், காத்து முடிஞ்சு அடிச்சுப்பிடிச்சு ஓடி வந்தவராம். அண்ணன்ட மனிசி, ரீத்தா மச்சாளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தா. பேராசை பிடிச்ச மனிசன் எண்டு அண்ணன்ட படத்துக்கு முன்னால நிண்டு ஏசுவா. நான் எட்டு மாதமா வாயைத் திறக்கேல்லை.

பர்ஹான் கதிரையை என்ட பக்கம் திருப்பினார். நான்தான் சொன்னன், "விளையாடுற ஆளைக் கீழ விடாதேங்கோ. போட்டில இருத்துங்கோ. கையில கயித்தைக் குடுங்கோ."

3. முகில்

அப்பிடித்தான் கேம் மாறினது. திரையில ஒரு போட், ஒரு கயிறு, தண்ணிக்க ஒரு நிழல். நிழல் மேல வந்து பாதியில நிக்கும். அப்ப முகில் வரும். இழுக்கலாம், இழுக்காமலும் விடலாம். இழுத்தா ஆள் கெதியா வந்து, தேத்தண்ணி கேட்டு, பிறகு கால் மரத்துப்போச்சு எண்டு சொல்லுவார். இழுக்காட்டி முகில் விலகும். ஆள் ஆறுதலா வந்து அதே தேத்தண்ணியைக் கேப்பார்.

முகிலுக்குத்தான் கனக்க நாள் எடுத்தது. அக்கா வடிவான முகிலாக் கீறிக்கொண்டிருந்தா. அதைப் பாத்து ஒருத்தரும் பயப்பட மாட்டினம். அஞ்சு தரம் திருப்பிக் கீறுவிச்சனான். ஆறாவது முகிலைப் பாக்க என்ட கை தானாக் கயித்துக்குப் போச்சு. கொப்பியில சரி எண்டு எழுதினன்.

அக்கா ஒண்டே ஒண்டுதான் சொன்னா. "தம்பி, இதை முதல்ல உங்கட மச்சாளிட்டக் காட்டுங்கோ. அவ வேண்டாம் எண்டா இது வெளியில போகாது."

4. டெஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு மச்சாள் வீட்டுக்குப் போனனான். மச்சாள் குசினியில மீன் வெட்டிக்கொண்டிருந்தா. உங்கட ஒபிசில விளையாட்டுக்கும் சம்பளமோ எண்டு நக்கலடிச்சுக்கொண்டு கையைக் கழுவிட்டு என்ட போனை வாங்கினா.

நிழல் பாதியில வந்து நிண்டுது. முகில் வந்துது. இழுக்காதேங்கோ எண்டு சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. சொல்லேல்லை.

மச்சாள் மூண்டு தரம் இழுத்தா.

ஆள் வந்தார், தேத்தண்ணி கேட்டார். கால் மரத்த கதை வரேக்க மச்சாள் போனைக் கீழ வச்சா. என்னை நிமிந்து பாத்தா.

"நீயா இழுத்தனி?"

"ஓம் மச்சாள்."

"எட்டு மாதமா என்னை அந்த மனிசனை ஏச விட்டிட்டு இருந்தனி, என்ன?"

அவ எழும்பிப் போய் மிச்ச மீனையும் வெட்டினா. செதில் ஒண்டும் விடாம வடிவாத்தான் வெட்டினா. நான் கதிரையில இருந்தனான், போகவும் ஏலாது. கனக்க நேரத்துக்குப் பிறகு வந்து, ஈரக் கையைச் சட்டையில துடைச்சிட்டு, திருப்பி விளையாடினா. இந்த முறை முகில் வரேக்க ரெண்டு கையையும் மடியில வச்சுக்கொண்டிருந்தா. முகில் விலகிச்சுது.

"நானும் முதல்ல இழுத்தனான்தானே" எண்டா. பிறகு, "ஆனா நீ சொல்லியிருக்கோணும்" எண்டா. ரெண்டும் உண்மை.

கேம் வெளியில போகலாம் எண்டும் சொன்னா.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு அன்ரி வந்திருந்து, அட்டை ஆசை எண்ட பழைய கதையைத் திருப்பி எடுத்தவ. மச்சாள் மறுத்துக் கதைக்கேல்லை. நான் கேம் ஏத்திக் குடுத்த தன்ட போனை எடுத்து அன்ரியின்ட கையில குடுத்து, "இதை ஒருக்கா விளையாடுங்கோ, பிறகு கதைப்பம்" எண்டா.

இந்த வேலையில நான் பழகினது இதுதான். நீங்கள் செய்ததை ஒருத்தர் விளையாடேக்க பக்கத்தில இருந்து அதைத் தட்டு, இதைத் தட்டு எண்டு சொல்லாதேங்கோ. பிழையாத் தட்டினாலும் விடுங்கோ. அன்ரி இழுக்கேக்க நானும் மச்சாளும் பக்கத்திலதான் இருந்தனாங்கள். ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை.