புள்ளி வட்டங்கள்

சம்பளம் வாங்க ஆரம்பித்த முதல் வருடமே டெல்லியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போய் ஒரு லேப்டாப் வாங்கிவிட்டேன். அதில் ஏற்கெனவே ஒரு ப்ரவுசர் இருந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காய் இருப்பதைப் போல, கேட்காமலே கூட வருவது. ஆபீஸில் எங்கள் வயதுக்காரர்களுக்கு அதைத் திறப்பதே கௌரவக் குறைச்சல். நான் புதிதாக வந்திருந்த இன்னொன்றை இறக்கிக்கொண்டேன். ஒரே ஜன்னலுக்குள் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்க்கலாம். பழசின் படத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

அப்போது ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஊருக்குப் போனால் பஸ் போர்டை அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளி இருந்தும் என்னை இங்கிலீஷ் பள்ளியில்தான் போட்டார்கள். ஆகவே நானும் அப்பா கட்சி. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா ஒருத்திதான் எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள்.

வாசிப்பது மட்டுமில்லை, எழுதவும் செய்தாள். கையால் எழுதிக் கவரில் அனுப்பினால் அவர்களே டைப் செய்து போடும் ஓர் இணைய இதழ் சென்னையில் இருந்தது. மதியம் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து அதற்கு எழுதுவாள். எதைப் பற்றி என்று கேட்டால், "ஒனக்கு என்னத்துக்குட்டி? படிக்கவா போற?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதழிலிருந்து போன் வந்தது. அம்மாவின் கட்டுரை வெளியாகிவிட்டதாம். அவள் எழுதியதில் முதன்முதலாக வெளியானது அதுதான். அம்மா கண்ணாடியைத் தேடப் போனாள். அதற்குள் நான் பக்கத்தைத் திறந்து பார்த்து அசந்துபோனேன். எழுத்துகளுக்கு நடுவே அங்கங்கே புள்ளிகளாலான சின்னச் சின்ன வட்டங்கள். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு யாரோ உள்ளே போன மாதிரி இருந்தது.

"எவ்ளோ அழகா இருக்கும்மா தமிழ்!"

அம்மா குனிந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"ஏட்டி, என்ன இது? கொம்பு ஒரு பக்கம் கெடக்கு, காலு ஒரு பக்கம் கெடக்கு?"

"தமிழ் இப்படித்தானே இருக்கும்?"

"நீ என் வயித்துலதான் பொறந்தியா?" என்றாள். அது கேள்வி இல்லை.

தான் அனுப்பியதை இதழ்க்காரர்கள் குதறிவிட்டார்கள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். "கையும் காலும் முறிஞ்சு நடுத்தெருவுல கெடக்கதுக்கா எழுதுனேன்? இனி ஒரு வரி அனுப்ப மாட்டேன்." பாதி எழுதியிருந்த அடுத்த கட்டுரை பீரோவுக்கு மேலே போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரமாகப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடியதைப் பார்த்தவள் நான்.

தப்பு இதழிலா, லேப்டாப்பிலா, ப்ரவுசரிலா? தப்புக் கண்டுபிடிப்பதுதான் ஆபீஸில் என் வேலையே. ஆனால் எது சரி என்று தெரிந்தால்தானே எது தப்பு என்று சொல்ல முடியும்? அம்மாவைக் கேட்கலாமென்றால் அவள் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அதனால் வீட்டில் இருந்த அச்சடித்த தமிழையெல்லாம் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினேன். ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர், அப்பளப் பாக்கெட், மாமா பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. எதிலும் புள்ளி வட்டம் ஒன்றுகூட இல்லை. அப்பளக் கம்பெனிக்காரர் அலங்காரத்தில் குறை வைப்பவர் இல்லை. சுற்றிலும் பூவும் கொடியுமாகப் போட்டிருந்தார். அவரே வட்டம் போடவில்லை என்றால் அது தமிழில் கிடையாது.

கல்யாணப் பத்திரிகை இன்னும் உதவியது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். மாப்பிள்ளை பேர் இங்கே என்றால் அங்கேயும் அதே இடத்தில். ஊர்ப் பேர், மண்டபத்தின் பேர் என்று இரண்டு பக்கத்தையும் ஒட்டிப் பார்க்கப் பார்க்க, எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சுருண்ட கொம்பு எப்போதும் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. என் திரையில் அது பின்னால் போய், ஒரு வட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு நின்றது. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஆபீஸில் சிலர் மெச்சிய மூன்றாவது ப்ரவுசர் ஒன்றையும் இறக்கிப் பார்த்தேன். அதில் தமிழே இல்லை, வெறும் கட்டங்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், நான் ஒளித்து வைத்திருந்த பழசைத் தேடிப்பிடித்துத் திறந்தேன். அது சாவகாசமாகத் திறந்தது. வட்டங்கள் இல்லை. கொம்புகள் எல்லாம் அதனதன் இடத்தில். அது கூடவே வந்தது என்பதற்காக இளப்பமாகப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

"அம்மா, ஜல்தி வா!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றபடி வாசித்தாள். நடுவில் தன் எழுத்துக்குத் தானே சிரித்தாள். "ஒரு புள்ளி கொறையலட்டி," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். பீரோ மேல் போனது கீழே இறங்கியது. அந்த வாரமே கவர் சென்னைக்குப் போயிற்று.

ஆனால் கல்யாணப் பத்திரிகை என்னை விடவில்லை. காலண்டரில் கிழமைகளைப் படித்தேன், அப்புறம் அன்றைய பழமொழியை. பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போனால் சாமியை விட்டுவிட்டு நன்கொடைப் பலகைகளைப் படித்தேன். அடுத்த கட்டுரை வெளியானபோது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் விரல் வைத்து வாய்விட்டு வாசித்தேன்.

"என்... மகள்... வைக்கும்... சாம்பாரை... நான்... குறை சொல்வதில்லை. சொன்னால்... அப்புறம்... அடுப்படிக்கே... வர மாட்டாள்."

அம்மா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"நீ எப்படிட்டி படிக்கப் படிச்ச?"

பெருமையாகக் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷமே இல்லை. "இந்த வீட்டுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதுங்குற தைரியத்துலல்லா எழுதிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இன்னும் என்னவெல்லாம் எழுதியிருப்பாள் என்று அறியும் ஆசையும் அதே நேரத்தில் வந்தது.

அதன் பிறகு கவர் எதுவும் போகவில்லை. நான் வீட்டில் இருக்கும் நாட்களில் மதியம் காகிதத்தை வெளியே எடுப்பாள், என் பக்கம் பார்ப்பாள், திரும்ப உள்ளே வைத்துவிடுவாள். ப்ரவுசரைச் சரிபண்ணியாகிவிட்டது. இப்போது நடுவில் நிற்பது நான்தான். என்னை எதைக் கொண்டு மாற்றுவது?

வழியை அம்மாவே சொன்னாள்.

"ஒழுங்கா காட்டுதுல்லா, அந்தப் பழசு எனக்கு. முறிச்சுப் போடுதுல்லா, அது ஒனக்கு. என்னுதை நீ தொறக்கப்படாது."

"அச்சா."

"அச்சா கிச்சா எல்லாம் கெடயாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அடுத்த வாரம் கவர் போயிற்று. வீட்டுக்கு வந்த ஆபீஸ் தோழிகள் என் திரையில் பழசின் படத்தைப் பார்த்துக் கேலி செய்தார்கள். அது அம்மாவுடையது என்றேன்.

அந்தக் கட்டுரை வெளியானபோது அம்மா லேப்டாப்பை உள்ளறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சிரிப்பது வெளியே கேட்டது. சத்தியத்தை நான் மீறவில்லை. அந்த லேப்டாப் ஓய்ந்துபோகும் வரை பழசை நான் திறக்கவே இல்லை. அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு அதே பக்கத்தை என் ப்ரவுசரில் திறந்தேன். கொம்புகள் இடம் மாறிக் கிடந்தன, வட்டங்கள் வழியெங்கும் நின்றன. ஆனால் உடைந்த எழுத்தையும் கூட்டிப் படிக்க அதற்குள் எனக்கு வந்துவிட்டிருந்தது.

"இதைப் படிப்பதில்லை என்று என் மகள் சத்தியம் செய்திருக்கிறாள்," என்று தொடங்கியிருந்தாள். "எப்படியும் படித்துவிடுவாள். ஆகவே சாம்பாரைப் பற்றி இனி எழுதப்போவதில்லை."