தம்பி கொண்டுபோன திரைச்சீலைகள்

என் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. தெருவுக்கே அவன் 'டேப்'தான். கழுத்தில் தொங்கும் டேப்பைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவான். ஜன்னல்களுக்குக் கர்ட்டன் தைப்பது அவன் தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பான், பிறகுதான் மனுஷர்களை. அப்படி ஒரு பிறவி.

அவன் மனைவி வேலைக்காக வெளிநாடு போனவள். ஒரு பெரிய கடையில் கூட்டித் துடைக்கும் வேலை. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் இவனை வரச்சொன்னாள். இவன் அசைந்தால்தானே! முதலில் வீடு பார், அப்புறம் வருகிறேன் என்பான். அவளும் சரி சரி என்பாள். இந்தப் பேச்சிலேயே இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒருநாள் வீடு கிடைத்துவிட்டது என்று வீடியோவில் காட்டினாள். அடேயப்பா, கட்டில் என்ன, நிலைக்கண்ணாடி என்ன, அவ்வளவு பெரிய ஜன்னல் என்ன! நான் வாயைப் பிளந்தேன். இவனோ உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கம்பி எங்கே வரும் என்று அவளைக் குடைந்தெடுத்துவிட்டான். அவளும் அளந்து சொன்னாள்.

அதன்பிறகு காலையில் பேசினாலும் சாயங்காலம் பேசினாலும் அந்த ஜன்னலில் ஒரே மாதிரி வெளிச்சம்தான் இருந்தது. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத் துணி எடுக்கிறவனுக்கு அது உறைக்கவே இல்லை. வீடு கிடைத்த சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

கடையைக் காலி செய்தான். தையல் மிஷினை விற்றான். இனி இந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டான். பெட்டியில் பாதிக்கு மேல் கர்ட்டன். மாற்றுத்துணியை எங்கேடா வைப்பாய் என்று நான் கத்தியதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவன் போய்ச் சேர்ந்த அன்றைக்கு நானே கூப்பிட்டு, வீட்டைக் காட்டு என்றேன். போனைத் திருப்பினான். சுவர் தெரிந்தது. இன்னும் திருப்பினான். அங்கேயும் சுவர்தான். ஒற்றைக் கட்டில், மூலையில் அடுப்பு, மேலே ஒரு பல்பு. திறந்த பெட்டியிலிருந்து கர்ட்டன் பாதி வெளியே தொங்கியது. தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"ஜன்னல் எங்கடா?"

"இல்லக்கா."

அவள்தான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குக் கட்டுப்படியான வாடகைக்குக் கிடைத்தது பூமிக்கடியில் இருக்கும் இந்த அறை மட்டும்தான். நாங்கள் வீடியோவில் பார்த்தது அவள் வேலை செய்யும் பர்னிச்சர் கடையாம். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அங்கே வீடு மாதிரியே ஒரு அறை போட்டிருக்கிறார்கள். கடை திறக்கும் முன்பும் மூடிய பிறகும் துடைக்கப் போகிறவள், அதில் நின்று பேசியிருக்கிறாள். ஜன்னலும் பொய், கண்ணாடிக்குப் பின்னால் ட்யூப்லைட்.

"வீடு இல்லன்னா இவரு வரவே மாட்டாரு அண்ணி. எனக்கு வேற வழி தெரியல."

நான் சும்மா விடுவேனா? வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பிழைப்பை விட்டு வந்த மனுஷனை இப்படியா நட்டாற்றில் விடுவது என்று கேட்டேன். தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, பெட்டியை மூடு, நாளைக்கே டிக்கெட் போடுகிறேன், கிளம்பி வா என்றேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிக்கெட் வேணாம்க்கா" என்றான். "ரெண்டு வருஷமா வீடு வேணும், வீடு வேணும்னே சொல்லிட்டு இருந்திருக்கேன். நீ வேணும்னு இவகிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்ல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.