சுருதி பிசகாத வில்லன்

என் அத்தானை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதாவது, முகம் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'மின்மினி வீரன்' தொடரில், கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பியானோவில் நாராசமாக வாசித்து ஊரையே மயக்கம் போட வைப்பாரே ஒரு வில்லன், அபஸ்வரன் என்று, அவரேதான். ஆறடி உயரம், எலும்பும் தோலும், நடுவில் இடைவெளியே விடாத புருவம். திரையில் அவரைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் அலறின. வீட்டில் அவர் கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறுவார். அடிப்பது என் அக்கா.

அவருடைய நிஜத் தொழில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. ஒரு பியானோவுக்குள் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் ஓர் இரும்பு முளை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த முளையில் சாவியை மாட்டி மயிரிழை திருப்பி, காதால் கேட்டு, மறுபடி திருப்பி, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று போக வேண்டும். முழு பியானோவுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அத்தானுக்கு ஐந்து மணி நேரம். ஒரு மணி நேரம் எதற்கு என்றால், திருப்தி வராமல் பெருமூச்சு விடுவதற்கு.

இப்படிப்பட்ட காதோடு ஒரு மனிதன் குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. ஃப்ரிட்ஜ் போடுகிற சத்தம் கால் சுருதி இறங்கிவிட்டது என்று அதன் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார். அழைப்பு மணியை மூன்று தடவை மாற்றினார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் முதல் முதலாக வீறிட்டபோது, "சரியா மேல் ஷட்ஜத்துல அழறா பாரு!" என்று புளகாங்கிதப்பட்டார். "பிள்ளை அழுதா தூக்கணும். சுருதி பாக்கக் கூடாது" என்று அக்கா கட்டிலில் படுத்தபடியே திட்டினாள்.

நான் யார் என்று சொல்லவில்லையே. நான் அக்காவுக்குத் தம்பி. அந்த நாளில் அதுவே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. அதற்கு முன் ரொட்டிக் கடையில் இருந்தேன், பெயின்ட் கடையில் இருந்தேன், பஸ் கம்பெனியில் பதினோரு நாள் இருந்தேன். நாற்பது வயதில் பெட்டியோடு அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன். அத்தான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் எப்போதாவது, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "உன்னை நம்பி ஒரு வேலை குடுக்க முடியாது மாப்ளே" என்பார். கோபமே இல்லாமல் சொல்வதுதான் சுருக்கென்று தைக்கும்.

அவர் வில்லனானது பியானோவுக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில்தான். படப்பிடிப்புத் தளத்தில் இருந்த பழைய பியானோவைச் சரி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் முழுக்க அதற்குள் குடைந்துவிட்டு, முகமெல்லாம் கரி, தலைமயிர் குத்திட்டு நிற்க, கையில் சாவியோடு மெல்ல எழுந்திருக்கிறார். எதிரே நின்றிருந்த இயக்குநர் இரண்டடி பின்வாங்கி, "இந்த மூஞ்சியைத்தான்யா மூணு மாசமா தேடிட்டிருக்கேன்!" என்றாராம். பாராட்டு என்று நினைத்து அத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்தாறு வாரத் தொடர்.

கதை எல்லா வாரமும் ஒன்றுதான். அபஸ்வரன் வாசிப்பான், ஊர் மயங்கி விழும், அவன் கொள்ளையடிக்கப் போவான். அப்போது நெஞ்சில் பல்பு எரிய மின்மினி வீரன் பறந்து வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவனைப் பிடிப்பான். இருபத்தைந்து வாரம் இந்தப் பஞ்சாலேயே தோற்ற வில்லனுக்கு அடுத்த வாரமாவது பஞ்சுக் கடையை முதலில் கொள்ளையடிக்கலாமே என்று தோன்றவில்லை. நான் கேட்டதற்கு, "எனக்குத் தோணுச்சு. சொல்லலை. அவங்க கதை அது" என்றார் அத்தான்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பியானோ நாராசமாக ஒலிக்க வேண்டும், அதுவும் நிஜமாகவே, அங்கேயே ஒலிக்க வேண்டும் என்று இயக்குநருக்குப் பிடிவாதம். அத்தானோ ஒப்பனைக்கு முன்பே போய், "இந்த ஒரு கம்பி மட்டும்" என்று ஆரம்பித்து, முழுதையும் சேர்த்து வைத்துவிடுவார். கேமரா ஓடும். அவர் வாசிப்பார். மயங்கி விழ வேண்டியவர்கள் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள். "யோவ், ஊரைக் கொல்லச் சொன்னா கச்சேரி பண்றியேய்யா!" என்று இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார். "கெட்ட பியானோல கை போக மாட்டேங்குது சார்" என்றார் அத்தான், உண்மையான வருத்தத்தோடு.

கடைசியில், தினமும் காலையில் சுருதியைக் கலைத்து வைக்க ஒரு ஆள் வேண்டும் என்றானது. அத்தான் என்னைச் சொன்னார். சேர்ப்பதற்குத்தான் காது வேண்டும். கலைப்பதற்கு நான் போதும்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கதை பிள்ளையையும் கிள்ளி தொட்டிலையும் ஆட்டுகிற கதையாகிவிட்டது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு சாவி. ஒரே ஸ்கூட்டரில், அவர் ஓட்ட நான் பின்னால் உட்கார, இரண்டு பேரும் போவோம். அந்தச் சாவியால் நான் முளைகளைத் தளர்த்துவேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதே சாவியால் அவர் முறுக்குவார். நான் மறுபடி தளர்த்துவேன். சாயங்காலம் அதே ஸ்கூட்டரில், "நடு ஸ்தாயியை ரொம்பக் கெடுத்துட்டே" என்று அவரும், "நீங்க கை வைக்காம இருந்தா நான் ஏன் ரெண்டு தடவை கெடுக்கிறேன்?" என்று நானும் பேசிக்கொண்டே வருவோம். நான் ஒரு வேலையில் ஆறு மாதம் நிலைத்தது அதுதான் முதல் தடவை.

வில்லன் சிரிப்பும் அவருக்கு வரவில்லை. குளியலறையில் பழகிப் பார்த்தார். அக்கா கதவைத் தட்டி, "தொண்டையில ஏதாவது சிக்கிடுச்சா? தண்ணி குடிங்க!" என்றாள். இயக்குநரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தொலைபேசி மணி அடிக்க ஆரம்பிக்கும் வரை. முதலில் கூப்பிட்டது ஒரு டாக்டர் வீட்டம்மா. எட்டு வருஷமாக அவர்கள் வீட்டு பியானோ அத்தான் கையில். "தப்பா நினைக்காதீங்க. நீங்க வாசிச்சா ஊரே மயங்கி விழுதுன்னு பொண்ணு சொல்றா. எங்க பியானோவைத் தொட விட மாட்டேன்னு அழறா. வேற ஆள் பாத்துக்கறோம்" என்றாள். அடுத்து நடனப் பள்ளி. அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடம், அங்கே தலைமையாசிரியை பேச ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிட்டார். நடிப்பு வேறு, தொழில் வேறு என்று பெரியவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அபஸ்வரனைக் கூப்பிட்டுச் சுருதி சேர்த்தோம் என்று யார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்?

கடைசியில் மிஞ்சியது நகரத்தின் கச்சேரி அரங்கு ஒன்றுதான். அங்கே மேடையில் ஒரு பெரிய பியானோ இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அத்தான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்துவிடும். "அந்த அம்மாவை நான் ஒரு நாள் போய் பாத்துட்டு வரேன்" என்பார். முதலில் கேட்டபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பழகிவிட்டது.

இயக்குநர் கடைசி வாரப் படப்பிடிப்பை எங்கே வைத்தார் தெரியுமா? அந்த அரங்கில். அந்த பியானோவில். இருநூறு பள்ளிப் பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து.

அரங்க மேலாளர், இடுப்பில் சாவிக் கொத்தோடு எப்போதும் கிலுங்கிக்கொண்டே நடக்கிற மனிதர், அத்தானை வீட்டுக்கே தேடி வந்தார். "சார், வாடகைக்கு விட்டாச்சு, அது என் மேலதிகாரி முடிவு. ஆனா ஏற்கெனவே ஆளுக்கு ஆள் கேக்கறாங்க, உங்க பியானோவை அபஸ்வரன்தான் பாக்கறாராமேன்னு. படப்பிடிப்பு முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஒவ்வொரு கட்டையா நான் தட்டிப் பாப்பேன். ஒண்ணு பிசகியிருந்தாலும், என்னை மன்னிச்சிடுங்க, வேற ஆள்தான்" என்றார். போகும்போது அக்கா கொடுத்த டீயைக் குடிக்காமலே போனார்.

அத்தான் நேரே இயக்குநரிடம் போனார். நானும் கூடப் போனேன். "இந்த ஒண்ணை மட்டும் கலைக்க வேண்டாம் சார்." இயக்குநர் கேட்கவில்லை. "கடைசி வாரம்யா. காது கிழியணும். உன் மச்சான் மாட்டேன்னா சொல்லு, நம்ம தச்சன்கிட்ட சுத்தியலைக் குடுத்து அனுப்பறேன்."

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அத்தான் ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. "தச்சன் கை பட்டா முளையே முறிஞ்சிடும். நீயே பண்ணிடு மாப்ளே. மெதுவா பண்ணு. ஒவ்வொண்ணும் கால் சுத்துக்கு மேல வேண்டாம்." சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்துப் போட்ட வேலையைப் பாதியில் விட்டுப் போவது அவர் அகராதியில் கிடையாது. அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனாள். என் வாழ்க்கையில் நான் வெறுத்த சாப்பாடு அது ஒன்றுதான்.

அரங்கில் எல்லாரும் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பியானோ மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசியில்லை. ஓரத்தில், மரச் சட்டத்தில், பென்சிலால் தேதிகள். ஒவ்வொரு தடவை சேர்த்த நாளும் குறித்திருந்தது, பத்தொன்பது வருஷத்துக்கும், அவருடைய பொடி எழுத்தில். முதல் முளையில் சாவியை மாட்டினேன். கை திரும்பவில்லை. இத்தனை நாள் எத்தனை ஆயிரம் தடவை திருப்பிய கை! தலையை உள்ளே விட்டபடியே ஒரு மணி நேரம் நின்றேன். யாராவது பக்கத்தில் வந்தால் சாவியை உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தில் டங் டங்கென்று தட்டினேன். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, "முடிஞ்சுது" என்றேன். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கெடுப்பதில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர்.

அத்தானைத் தேடிப் போனேன். பின்பக்கம், வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். முழு ஒப்பனை, தரையைத் தொடுகிற கறுப்புப் போர்வை, நெற்றியில் தங்க நிற மின்னல். இரண்டு காதிலும் விரலைச் செருகி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பியானோவைக் கலைக்கிற சத்தம் காதில் விழக் கூடாதாம். தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "ஆச்சா?" "ஆச்சு அத்தான்." உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய்யாக நடிக்க வராது. இயக்குநர் முகத்தைப் பார்த்த மறுகணம் உளறியிருப்பார்.

இருநூறு பிள்ளைகள். ஓர் உதவியாளர் பெரிய அட்டையைத் தூக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மின்மினி வீரன் கயிற்றில் தொங்கியபடி தயாராக இருந்தார். மேலாளர் கடைசி வரிசையில், சாவிக் கொத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தான் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பத்து விரலையும் கட்டைகளின் மேல் இறக்கினார்.

ஒரு நொடிதான். சுத்தமான ஒலி அரங்கம் முழுவதும் நிறைந்தது. அவர் கண் திறந்தது. பியானோவைப் பார்த்தார். திரை மறைவில் நின்ற என்னைப் பார்த்தார். அதற்குள் அட்டை உயர்ந்துவிட்டது. இருநூறு பிள்ளைகளும் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தின. அந்தக் கூச்சலில் பியானோ யாருக்கும் கேட்கவில்லை, இயக்குநருக்கும்தான். அத்தான் வாசித்துக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல். முன் வரிசையில் நாலைந்து பிள்ளைகள் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டன. "இதுதான்யா! இந்தச் சிரிப்பைத்தானே இருபத்தாறு வாரமா கேட்டேன்!" என்று இயக்குநர் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தார்.

பிள்ளைகள் வெளியே போனதும் மேலாளர் கிலுங்கிக் கிலுங்கி மேடைக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. இடது கோடியிலிருந்து ஒரு விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டினார். எண்பத்தெட்டு கட்டைகள். அத்தான் போர்வையோடு கைகட்டி நின்றார். மேல் ஸ்தாயியில், கடைசியிலிருந்து மூன்றாவது கட்டையில் விரல் நின்றது. மறுபடி தட்டினார். "இது கொஞ்சம்..."

"அந்தக் கம்பி பழசு. போன தடவையே எழுதிக் குடுத்தேன். நீங்க இன்னும் வாங்கித் தரலை" என்றார் அத்தான்.

மேலாளர் இருமினார். சாவிக் கொத்தைச் சரி செய்தார். "திங்கட்கிழமை வாங்கி வச்சுடறேன். நீங்களே வந்து மாட்டிடுங்க."

நீங்களே என்றார்.

வண்டியருகே வந்தோம். ஒப்பனையைக் கூடக் கலைக்கவில்லை அவர். "கால் சுத்து கூடத் திருப்பலையா?" என்றார்.

"இல்ல."

"ஒரு மணி நேரமா உள்ளே தலையை விட்டுட்டு என்ன பண்ணே?"

"தூங்கிட்டேன் அத்தான்."

நெற்றியில் இருந்த தங்க மின்னல் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. அவர் என்னையே பார்த்தார். "உன்னை நம்பி ஒரு வேலை குடுக்க முடியாது மாப்ளே" என்றார். போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அன்றைக்கு வீடு வரை வண்டியை நான்தான் ஓட்டினேன்.